அக்காவுக்கு நாய்க்குட்டி பார்த்த கதை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். காது கேட்காத என் அக்காவுக்கு, நெடுங்கேணிப் பக்கத்திலேயே மிகச் சிறப்பாகக் குலைக்கக்கூடிய நாயைத் தேடிப் பிடித்துக் கொடுத்த மடையன் நான்தான். கண்ணை மூடிக்கொண்டு கைக்கு அகப்பட்ட குட்டியைத் தூக்கிக் கொடுத்திருந்தால் விதி என்று சொல்லித் தப்பியிருக்கலாம். அப்படியல்ல. நான் பரீட்சை வைத்தேன். குட்டிகளை ஒவ்வொன்றாகப் பிடித்து, புள்ளி போட்டு, பிழை விட்டுவிடக்கூடாது என்று இரண்டாம் தடவையும் சரிபார்த்து, மிகுந்த கவனத்தோடு அந்த மடத்தனத்தைச் செய்தேன். சாதாரண மடையன் அவசரத்தில் பிழை விடுவான். நான் ஆறுதலாக இருந்து பிழை விட்டேன்.

வவுனியாவில் தண்ணீர் இறைக்கிற மெஷின் திருத்தும் கடை எனக்கு. ஒரு மெஷின் வந்தால் அதைக் கழற்ற முன்னமே, கயிற்றை ஒரு இழுவை இழுத்து, அது இருமுகிற இருமலைக் கேட்டு இன்ன வருத்தம் என்று சொல்லிவிடுவேன். பத்தில் ஏழு தரம் சரியாக வரும். மிச்சம் மூன்றையும் கழற்றிப் பார்த்துவிட்டு, "நான் அப்பவே நினைச்சனான்" என்பேன். இந்தத் திமிரை மெஷினோடு வைத்துக்கொண்டிருந்தால் ஒருவருக்கும் கரைச்சல் இல்லை.

அக்காவின் இடது காது கடைசிச் சண்டையில், பங்கர் வாசலில் விழுந்து வெடித்த செல்லோடு போனது. வலது காது அன்றைக்குப் போகவில்லை. அது பிறகு வருடக்கணக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகப் போனது, கடனுக்கு விற்ற கடையில் சாமான் குறைகிற மாதிரி. இப்போது பக்கத்தில் நின்று பலமாகக் கத்தினால் அதற்குள் ஏதோ விழும். ஆகவே நானும் அக்காவும் கதைக்கிற எந்த இரகசியமும் வாய்க்கால் வரைக்கும் ஆட்களுக்குத் தெரியும். "பிறஷர் குளிசை போட்டனீங்களோ அக்கா?" என்று நான் கேட்டால், பக்கத்துக் காணிக்குள் இருந்து, "ஓமோம், காலமை போட்டவா" என்று பதில் வரும். அக்காவுக்கு நான் கேட்டதும் கேட்காது, அவர்கள் சொன்னதும் கேட்காது.

காதுக்குள் மாட்டுகிற கருவி ஒன்று இருக்கிறது. அலுமாரிக்குள், கல்யாணச் சேலைக்கு அடியில் இருக்கிறது. மாட்டிய முதல் நாள் மழை பெய்தது. "தகரத்திலை மழை விழுறது எனக்கு வேறை மாதிரிக் கேக்குதடா" என்று கழற்றி வைத்தவா, பிறகு தொடவில்லை. எனக்கும் வற்புறுத்த மனம் வரவில்லை. என்ன மாதிரிக் கேட்டது என்று எனக்குத் தெரியும்.

அத்தானை யானை அடித்தது கதிர் முற்றுகிற நாட்களில். வயல், வீட்டுக்குப் பின்னால்தான். வயலின் மறு கரையில் காடு. இரவில் காவல் கொட்டிலுக்குப் போனவர், யானைவெடியைக் கொளுத்தி எறிந்திருக்கிறார். வெடி நனைந்திருந்ததோ, திரி பிழையோ தெரியாது, அது சீறிவிட்டு அணைந்துபோனது. அயலில் இருந்தவர்களுக்கு அத்தான் கத்தியது கேட்டிருக்கிறது. அக்காவின் பேரைச் சொல்லித்தான் கத்தியிருக்கிறார். அந்த மனிசன் இருபத்தைந்து வருசம் அக்காவோடு குடும்பம் நடத்தியவர், அவாவுக்குக் கேட்காது என்று அவருக்குத் தெரியாதா? அந்த நேரத்தில் அது ஞாபகம் வந்திராது. ஆட்கள் டோர்ச் லைற்றோடு போய்ச் சேர்ந்தபோது யானை போய்விட்டது. அத்தானும் போய்விட்டார். பிறகு அவர்கள்தான் வீட்டுக்கு வந்து, நித்திரையில் கிடந்த அக்காவைத் தட்டி எழுப்பினார்கள்.

செத்தவீடு முடிந்து, பந்தல் கழற்றுகிற நேரம் அக்கா என்னிடம் ஒரேயொரு தரம் சொன்னா: "எல்லாருக்கும் கேட்டிருக்கு. எனக்குத்தான் கேக்கேல்லை."

அதற்குப் பிறகு அதைப் பற்றிக் கதைக்கவில்லை. கதைக்கிறதை நான் ஏற்றுக்கொண்டேன். "வவுனியாவுக்கு வாங்கோ அக்கா, ஒரு அறை சும்மா கிடக்கு" என்று பின்னால் திரிந்தேன். என் மனைவியும் வந்து கேட்டாள். அக்கா காதில் விழாத மாதிரி இருந்தா. அவாவுக்கு அது வசதி. கடைசியில் நான் கண்ணுக்கு முன்னால் போய் நின்று கையைக் காட்டிக் கேட்டபோது, "உன்ரை அறையுக்குள்ளை கச்சான் கடலை போடலாமோ?" என்று கேட்டா. அந்தக் காணியை விட்டு அவா ஓடியது எத்தனை தரம் என்று எனக்கு எண்ணத் தெரியாது. முகாம் முள்ளுக்கம்பிக்குள் இருந்து திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் பற்றைதான் நின்றது. அத்தானும் அவாவுமாக வெட்டித் திருத்தியது. இனி அங்கிருந்து அரக்கமாட்டா.

அப்போதுதான் நான் சொன்னேன்: "அப்ப ஒரு நல்ல நாய் வைச்சிருங்கோ. நான் பாத்துக் கொண்டுவாறன்."

அக்காவுக்குத் துணை இல்லையே என்று கவலைப்பட்டது அரைவாசி. மிச்ச அரைவாசி, நான் கடையைப் பூட்டிவிட்டு அங்கே போய் இருக்க வேண்டி வருமோ என்ற பயம். நாய் இரண்டுக்கும் சேர்த்து மருந்து.

எங்கள் பக்கத்தில் குட்டி தெரிந்தெடுப்பது சுருக்கமான வேலை. காதைப் பிடித்துத் தூக்குவார்கள், கத்தாதது வீரன். வாயைத் திறந்து பார்ப்பார்கள், அண்ணம் கறுப்பாக இருந்தால் நல்ல காவல். அவ்வளவுதான். நான் படித்த மனிசன், கைபேசி வைத்திருக்கிறவன். கடையில் மெஷின் இல்லாத ஒரு மத்தியானம் வீடியோ ஒன்று பார்த்தேன். ஒரு வெள்ளைக்காரர், கண்ணாடி மாதிரி மினுங்குகிற ஒரு அறைக்குள் குட்டிகளை வைத்துச் சோதிக்கிறார். குட்டியை மல்லாக்கப் போட்டு மெல்ல அமத்திப் பிடிக்கிறார், திமிறுகிறதா, அடங்கிக் கிடக்கிறதா? தள்ளிப்போய்க் கை தட்டுகிறார், வருகிறதா? முன்னால் சடாரென்று குடையை விரிக்கிறார், ஓடுகிறதா, கிட்டப் போய் மணக்கிறதா? கண்டறியாத சாமான் ஒன்றைப் போடுகிறார், வாயில் எடுக்கிறதா? கடைசியாகச் சட்டி ஒன்றை நிலத்தில் போட்டுச் சத்தம் வைக்கிறார், பயந்தால் எவ்வளவு நேரத்தில் தெளிகிறது? ஒவ்வொன்றுக்கும் புள்ளி. கூட்டினால் குட்டியின் குணம் வந்துவிடும். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. மெஷினின் இருமலைக் கேட்கிற மாதிரி! அந்த மனிசர் வீடியோவின் தொடக்கத்திலேயே, நாய் உங்களுக்கு எதற்குத் தேவை என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்று சொன்னவர். அந்த இடத்தை நான் தட்டி முன்னுக்கு ஓட்டிவிட்டேன்.

குளக்கட்டுக்கு இந்தப் பக்கம், அக்காவின் காணிக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு வீட்டில் நாய் ஐந்து குட்டி போட்டிருந்தது. அந்த வீட்டுக்காரியின் தாய் தகப்பன், குடியேற்றத் திட்டத்தில் காணி கிடைத்து யாழ்ப்பாணத்தில் இருந்து வந்தவர்கள். அவள் பிறந்ததே அந்தக் குளத்தடியில். குட்டிக்காரிக்கு வாய் கொஞ்சம் கூட. நான் அக்காவையும் கூட்டிக்கொண்டு, ஒரு கையில் குடை, மற்றக் கையில் சருவச்சட்டி, கமக்கட்டுக்குள் கடுதாசிப் பந்து ஒன்று, இப்படிப் படலையைத் திறந்துகொண்டு போனேன்.

"என்ன அண்ணை, சீதனத்தோடையே வந்திருக்கிறியள்?" என்றாள்.

"குட்டியளைச் சோதிச்சுப் பாத்து எடுக்கப்போறன் தங்கச்சி."

"என்னத்துக்கு? கம்பசுக்கு விடப்போறியளோ?"

நான் விஞ்ஞானத்தின் பக்கம் நின்றபடியால் சாமான்களைக் கீழே வைத்தேன். சோதனை தொடங்கியது. மல்லாக்கப் போட்டபோது ஒரு குட்டி அப்படியே நித்திரையாகிவிட்டது. ஒன்று என் சேட்டில் மூத்திரம் பெய்தது. செம்மண் நிறத்தில் ஒன்று மட்டும் நாலு காலாலும் உதைந்து, என் பெருவிரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. முழுப் புள்ளி. குடையை விரித்தேன். மற்றதெல்லாம் விறகுக் குவியலுக்குள் போய்விட்டன. செம்மண் நிறத்தான் முன்னுக்கு வந்து, குடைக்கு நேரே நின்று, தன்னைவிடப் பெரிய குரலில் குலைத்தான். முழுப் புள்ளி. கடுதாசிப் பந்தைப் போட்டேன். மற்றவை யோசிக்க, அவன் ஓடிப்போய் வாயில் கவ்விக்கொண்டு திரிந்தான். முழுப் புள்ளி.

இதற்கிடையில் கால் வெள்ளையான ஒரு குட்டி அக்காவின் பாதத்தின் மேல் ஏறி இருந்துகொண்டது. சோதனைக்கென்று நான் தூக்கிக்கொண்டு வந்தால், திரும்பத் திரும்ப அங்கேயே போய் இருந்தது. "சூடா இருக்கடா" என்று அக்கா சொன்னா. "அது பயந்தாங்கொள்ளி அக்கா!" என்று கத்தினேன். குளக்கட்டில் போன ஒருவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுப் போனார், தனக்குச் சொன்னதென்று நினைத்திருப்பார்.

கடைசிச் சோதனை சத்தம். நான் கிணற்றுக் கட்டில் ஏறி நின்று, ஆட்களுக்கு ஒன்றும் சொல்லாமல், கீழே சீமெந்தில் சருவச்சட்டியைப் போட்டேன்.

குட்டிகளைப் பார்க்க வேண்டியவன் நான். எனக்குப் பார்க்கக் கிடைக்கவில்லை. சட்டி விழுந்த சத்தத்தோடு நான் கிணற்றுக் கட்டுக்குப் பின்னால் குப்புறக் கிடந்தேன். குட்டிக்காரி தோய்க்கிற கல்லோடு ஒட்டிக்கொண்டு தலையைக் கைகளால் பொத்தியபடி கிடந்தாள். சட்டியைப் போட்டவனே நான், பாருங்கோ. போடப்போகிறேன் என்று தெரிந்து போட்டவன். உடம்பு கேட்டுக்கொண்டு விழவில்லை.

நடு முற்றத்தில் அக்கா மட்டும் நிமிர்ந்து நின்றா. குட்டிகள் சட்டியை மணந்து பார்த்துக்கொண்டு திரிந்தன. அந்தச் சோதனையில் குட்டிகள் எல்லாம் பாஸ், ஆட்களில் அக்கா ஒருத்திதான் பாஸ் என்று நான் பிறகு எத்தனையோ இடத்தில் பகிடியாகச் சொல்லியிருக்கிறேன். மிச்சத்தைச் சொல்வதில்லை. அக்கா எங்களைப் பார்த்தா. நாங்கள் விழுந்து கிடக்கிறதைக் கண்டு, என்ன ஏது என்று கேட்காமல், தானும் நின்ற இடத்திலேயே குந்தி, தலையைக் கைகளுக்குள் புதைத்துக்கொண்டா. நாங்கள் இரண்டு பேரும் உடனே எழும்பிவிட்டோம், வெட்கத்தில் மண்ணைத் தட்டினோம். அடுத்த செல் வரவில்லை என்று எங்களுக்குக் கேட்டது. அவாவுக்கு அது எப்படிக் கேட்கும்? அப்படியே குந்தியிருந்தா. நான் "ஒண்டுமில்லை அக்கா, சட்டி" என்று கத்தினேன். அசையவில்லை. குட்டிக்காரி போய்த் தோளில் கை வைத்த பிறகுதான் தலையைத் தூக்கினா.

இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நின்ற ஆள், செம்மண் நிறத்தானுக்குக் கிடைத்த புள்ளிகளைக் கூட்டினான். அவனே முதலாம் பிள்ளை. அவனைத் தூக்கி அக்காவின் கையில் கொடுத்தேன்.

வளர்ந்து வந்தான். அப்படி ஒரு குலைப்பை நான் வேறு நாயிடம் கேட்டதில்லை. நெஞ்சுக்குள் இருந்து வரும். நரி, பன்றி, குரங்கு, கடைசி பஸ், வட்டி கேட்க வருகிறவன், ஒருவருக்கும் விதிவிலக்கில்லை. அயலில் எல்லோரும் புகழ்ந்தார்கள். "உங்கடை தெரிவு தெரிவுதான் அண்ணை" என்று குட்டிக்காரியே சொன்னாள். அவள் பகிடி இல்லாமல் சொன்ன முதல் கதை அது. நான் கடையில் வருகிற போகிற எல்லோருக்கும் சோதனை முறையைப் படிப்பித்தேன். அக்காவிடம் கேட்டால், "நல்லாச் சாப்பிடுது" என்பா. அவன் குலைக்கிறது அவாவுக்கு வாய் திறந்து மூடுகிறது மட்டும்தான்.

மாரி தொடங்கின நேரம், ஒரு விடியக்காலை குட்டிக்காரி கைபேசியில் எடுத்தாள். "அண்ணை, ஒருக்கா வாங்கோ. அக்காவுக்கு ஒண்டுமில்லை. வாங்கோ." முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனேன்.

குசினியின் பின்சுவர் இல்லை. கல்லும் சீமெந்தும் உள்ளே கொட்டுண்டு கிடந்தன. நெல் மூட்டைகளை யானை இழுத்து வெளியே போட்டு, தின்றது தின்று, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போயிருக்கிறது. அடுத்த சுவருக்கு அந்தப் பக்கம்தான் அக்காவின் படுக்கை. அக்கா மூட்டைகளில் சிந்தின நெல்லைச் சுளகில் அள்ளிக்கொண்டிருந்தா.

நடந்ததை ஆட்கள்தான் சொன்னார்கள். யானை வயலுக்குள் நின்றிருக்கிறது. என் முதலாம் பிள்ளை பயமில்லாமல் அதன் காலடி வரைக்கும் போய்க் குலைத்திருக்கிறான். யானை திருப்பிக் கலைத்துத் துரத்தியிருக்கிறது. கலைத்தால் நாய் எங்கே ஓடும்? சாப்பாடு போடுகிற வீட்டுக்குத்தான். வயலோடு போயிருக்க வேண்டிய யானையை வழிகாட்டி, வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். வந்தும் விடவில்லை. சுவர் விழும் மட்டும் குலைத்திருக்கிறான்.

"நீங்கள் ஒருத்தரும் எழும்பிப் பாக்கேல்லையோ?" என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"எல்லாரும் முழிச்சிட்டம் அண்ணை" என்றாள் குட்டிக்காரி. "நாய் அந்தக் குலை குலைக்குது. அக்கா எழும்பி முன்பக்கத்தாலை எங்கடை வீட்டை வந்திடுவா எண்டு கதவைத் திறந்து வைச்சுக்கொண்டு நிண்டனாங்கள். வெளியிலை இறங்கப் பயம்." வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "அவாவுக்குக் கேக்காதெண்டது எனக்கே பிறகுதான் நினைவு வந்தது."

அக்கா நித்திரையில் இருந்திருக்கிறா. முகத்தில் மண் கொட்டியிருக்கிறது. மழைக்குக் கூரையிலிருந்து ஏதோ விழுகிறது என்று நினைத்து, போர்வையால் மூடிக்கொண்டு மற்றப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறா. "விடியத் தேத்தண்ணி வைப்பமெண்டு குசினிக்கை போனன்" என்றா, சுளகைத் தட்டிக்கொண்டு. "அங்கை காடு நிண்டது."

செம்மண் நிறத்தான் வாலை ஆட்டிக்கொண்டு என் காலடியில் வந்து நின்றான். கடமை முடித்தவனின் முகம். நான் அவனைப் பார்த்தேன். அயலில் ஒவ்வொரு வீட்டையும் எழுப்பியிருக்கிறான். எழுப்ப வேண்டிய ஒரு ஆளைத் தவிர. அந்த நேரத்தில்தான், குசினியில் நின்று காட்டைப் பார்த்துக்கொண்டு, நான் செய்தது என்னவென்று எனக்கு விளங்கியது. நான் அக்காவுக்கு நாய் பார்க்கவில்லை. காது கேட்கிற எனக்கு நாய் பார்த்திருக்கிறேன்.

சுவர் இருந்த இடத்துக்குத் தகரம் அடித்தேன். நாயை வீட்டுக்குள் படுக்கப் பழக்கிப் பார்த்தேன். குலைக்கிறதை விட்டுவிட்டு அக்காவைத் தொட்டு எழுப்பப் பழக்கலாம் என்று ரொட்டித் துண்டுகளோடு நாலைந்து ஞாயிற்றுக்கிழமை போய் நின்றேன். ரொட்டியைத் தின்றுவிட்டு வெளியே ஓடி, காட்டைப் பார்த்துக் குலைத்தான். வெளி வேலைக்குப் பிறந்தவன். அப்படித்தானே தெரிந்தெடுத்தது.

கச்சான் பிடுங்குகிற காலத்தில் அவன் செத்தான். பன்றிக்கு வெடி வைக்கிறார்கள் தெரியுமோ, சாப்பாட்டுக்குள் மறைத்துக் காட்டோரத்தில் போடுவார்கள். கடித்தால் வெடிக்கும். யார் வைத்தது என்று கேட்டால் ஒருவரும் இல்லை. மற்ற நாய்கள் கண்டறியாத சாமானைக் கண்டால் சுற்றிச் சுற்றி மணந்துவிட்டு விலகும். இவன் நேரே போய் வாயில் எடுத்திருக்கிறான். கடுதாசிப் பந்துக்கு நான் கொடுத்த முழுப் புள்ளி.

கீழ்த்தாடை இல்லாமல் வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கிடந்தான். அக்கா பக்கத்தில் இருந்து, ஒரு துணியை நனைத்து நனைத்து, எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தா. அவன் போட்ட சத்தத்தை நான் எழுதப்போவதில்லை. அது அக்காவுக்குக் கேட்காதது நல்லது என்று நினைத்தேன். ஆனால் அவன் நெஞ்சில் அவாவின் உள்ளங்கை இருந்தது. சத்தம் அங்கேதான் அதிர்ந்துகொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. வேலியோரத்தில் கிடங்கு வெட்டித் தாட்டோம். என் வாயில் ஒரு பகிடியும் வரவில்லை. வராதது அக்காவுக்கே வித்தியாசமாக இருந்திருக்க வேண்டும். "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ" என்றா, என் முதுகைத் தட்டி.

அந்தக் கால் வெள்ளைக் குட்டி எங்கே என்று குட்டிக்காரியிடம் விசாரித்தேன். பளையில் அவளுடைய சொந்தக்காரர் கொண்டுபோய்விட்டார்களாம், தென்னங்காணிக் காவலுக்கு. "அங்கை பொல்லாத நாயாம் அண்ணை. தேங்காய் பொறுக்க வந்தவன் ஒருத்தனைக் கடிச்சும் போட்டுது." பயந்தாங்கொள்ளி என்று நான் குளக்கட்டு வரைக்கும் கேட்கக் கத்திச் சொன்ன குட்டி. அதோடு என் விஞ்ஞானமும் தாட்டாயிற்று என்று நினைத்தேன்.

தாய் நாய் திரும்பவும் குட்டி போட்டது. அதற்குள் இரண்டு தரம் யானை வயலுக்குள் வந்துபோய்விட்டது. தகரத்தைத் தொடவில்லை. காலமை காலடிகளைப் பார்த்துத்தான் அக்காவுக்கே தெரியும். அக்கா இரவில் படுக்கிறதை விட்டுவிட்டா என்று குட்டிக்காரி சொன்னாள். கதிரையைச் சுவரோடு போட்டு, சுவரில் கையை வைத்துக்கொண்டு இருக்கிறாவாம், அதிர்ந்தால் தெரியுமென்று. பகலில் நின்றபடியே தூங்கி விழுகிறா. நான் போய், "வவுனியாவுக்கு வாங்கோ" என்று திரும்பவும் கேட்டேன். நெல் மூட்டைக்கு வாய் கட்டிக்கொண்டிருந்தா.

ஆகவே நான் இரண்டாம் பரீட்சை வைத்தேன். இந்த முறை கேள்வியை நானே யோசித்தேன். பயப்படாத குட்டி வேண்டாம். நன்றாகப் பயப்பட வேண்டும். பயந்தால் ஆளிடம் ஓடி வர வேண்டும். வந்து, ஆள் நித்திரையென்றால் எழும்பும் மட்டும் விடக்கூடாது. இவ்வளவுதான்.

சட்டி கொண்டுபோகவில்லை. குட்டிக்காரியின் முற்றத்தில் பாயைப் போட்டு, சாறத்தை இழுத்து மூடிக்கொண்டு நித்திரை மாதிரிப் படுத்தேன். அவள் பின்பக்கமிருந்து காய்ந்த பனையோலை ஒன்றை இழுத்துக்கொண்டு வர வேண்டும். குட்டிகள் என்ன செய்கின்றன என்று நான் கண்ணை ஒரு நூல் திறந்து பார்ப்பேன்.

"அண்ணை, அயலுக்குச் சொல்லி அனுப்பட்டோ? பாக்க வடிவாய்த்தான் கிடக்கிறியள்" என்றாள்.

"கதையாமல் ஓலையை இழு தங்கச்சி."

"வாய்க்கரிசிக்குப் பச்சையோ புழுங்கலோ?"

ஓலை சரசரத்தது. குட்டிகள் சிதறின. இரண்டு விறகுக்குள். ஒன்று தாயிடம். ஒன்று குழம்பிப்போய் என் முகத்தின் மேல் ஏறி மறுபக்கம் இறங்கி ஓடியது. கறுப்பு நிறத்தில் சின்னது ஒன்று நேரே வந்து என் கமக்கட்டுக்குள் தலையை ஓட்டியது. நான் அசையவில்லை. முன்காலால் விறாண்டியது. அசையவில்லை. முனகிக்கொண்டு கன்னத்தில் மூக்கால் குத்தி, காதைப் பல்லால் பிடித்து இழுத்தது. வலி பொறுக்காமல் எழும்பி இருந்தேன். அப்போதுதான் விட்டது. திரும்பப் படுத்தேன். திரும்ப ஓலை. திரும்ப அதே குட்டி, அதே காது. வேறு குட்டிகளோடு மாற்றி, வேறு பக்கத்தில் படுத்து, சத்தத்தை மாற்றி, எல்லாம் செய்து பார்த்தேன். என் காது சிவந்து பாரமான தோடு போட்ட கிழவியின் காது மாதிரி ஆகிவிட்டது. குட்டி ஒரு தரமும் பிழை விடவில்லை.

"இனி அக்கா படுக்கட்டும்" என்றேன்.

அக்காவைக் கூட்டிவந்து பாயில் படுக்க வைத்தோம். கையைத் தலைக்குக் கீழே வைத்து, முழங்காலை மடக்கிப் படுத்தா. கண்ணை மூடுங்கோ என்று நான் என் கண்ணை மூடிக் காட்டினேன். மூடினா. நாங்கள் குட்டிகளை விட்டோம், கொஞ்ச நேரம் அவை சும்மா விளையாடட்டும் என்று பார்த்துக்கொண்டு நின்றோம். குட்டிக்காரி என் கையைச் சுரண்டினாள். அக்காவின் வாய் கொஞ்சம் திறந்திருந்தது. மூச்சு சீராக வந்துகொண்டிருந்தது. உண்மையாகவே நித்திரையாகிவிட்டா.

"விடுவம் அண்ணை. பாவம், கொஞ்சம் படுக்கட்டும்."

விட்டிருக்கலாம். என்னால் பொறுக்க முடியவில்லை. இதைவிட நல்ல சோதனை எங்கே கிடைக்கும்? ஓலையை நானே இழுத்தேன்.

கறுத்தக் குட்டி ஓடிப் போனது. அக்காவின் கமக்கட்டு, விறாண்டல், முனகல், கன்னம். அக்காவின் நித்திரை ஆழம். குட்டி விடவில்லை. மேலே ஏறி, காதைப் பிடித்து இழுத்தது, செல்லோடு போன அந்த இடது காதை. அக்கா திடுக்கிட்டு எழும்பி, இரண்டு கையாலும் நிலத்தை ஊன்றிக்கொண்டு, முதலில் குட்டியைப் பார்க்கவில்லை, எங்களைப் பார்க்கவில்லை. காட்டுப் பக்கம் பார்த்தா. பிறகுதான் மடியில் கிடந்த குட்டியைக் கண்டு, மெல்ல அதன் முதுகில் கை வைத்தா.

நான் துள்ளிக் குதித்துவிட்டேன். பத்தில் ஏழெல்லாம் இல்லை, இந்த முறை பத்தும் சரி. ஓடிப்போய்ப் பாயில் முழங்காலில் நின்று, வலது காதுக்குள் வாயை வைத்து, குளம் வரைக்கும் கேட்கக் கத்தினேன்:

"எழுப்புதக்கா! பாத்தியளே? இனிப் பயமில்லாமல் படுக்கலாம். யானை வந்தால் இது உங்களை எழுப்பும்!"

அக்கா குட்டியின் முதுகைத் தடவிக்கொண்டே, என் முகத்தைப் பார்த்துக் கேட்டா:

"எழும்பி எங்கையடா ஓடுறது?"